வெளியில் வாசிப்பது - கடிதம்

அன்புள்ள ஐயா,

புல்லாங்குழல் வாசிப்பேன், கொஞ்சம் கிளாரினெட்டும். ஊரில் பிடித்த இடங்களில் நின்று வாசித்து, நானே போனில் படம் பிடிக்கிறேன். காற்றின் இரைச்சல் எல்லாவற்றையும் கெடுக்கிறது. வீட்டில் ஒலிப்பதிவு செய்துவிட்டு வெளியே வாசிப்பதுபோல் நடித்தால் போதும் என்கிறார் நண்பர். அது ஏமாற்று இல்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடித்தால் தெரிந்துவிடும். பாடகர் வாயசைத்துத் தப்பிக்கலாம், குழல்காரருக்கு அந்த வசதி கிடையாது. மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் தோள் அசையாது, உதடு தளர்ந்திருக்கும், விரல் மட்டும் ஓடும். வீட்டுப் பதிவுதான் என்று முடிவெடுத்தால், அதை ஒரு காதில் கேட்டபடி வெளியிலும் நிஜமாகவே ஊதுங்கள்.

என் விருப்பம் அங்கேயே பதிவு செய்வதுதான். சுரங்கப்பாதையிலோ மாடிப்படியிலோ எழும் எதிரொலி வேண்டாமென்றால், அந்த இடம் வெறும் திரைச்சீலை. படம் பார்த்து இடம் தேடாதீர்கள். கைதட்டிப் பார்த்துத் தேடுங்கள். எதிரொலி நீளமான இடத்தில் வேகமான சங்கதிகள் குழம்பும், அங்கே மெதுவான உருப்படியே நிற்கும்.

இரைச்சலுக்கு வருவோம். காற்று மைக்கில் நேராக மோதுவதால் வருவது அது. மைக்குக்கு ரோமம் வைத்த உறை போடுங்கள். காற்றுக்கு முதுகு காட்டி நின்று, மைக்கை உங்களுக்கு முன்னால் வையுங்கள். உடம்பே மறைப்பாகிவிடும், உதட்டிலிருந்து போகும் காற்றும் கலையாது. மிச்சமிருக்கும் உறுமல் பெரும்பாலும் அடிமட்ட ஒலி. மேற்கத்திய புல்லாங்குழலின் மிகத் தாழ்ந்த ஸ்வரமே 262 ஹெர்ட்ஸ் பக்கம்தான், அதனால் எடிட்டிங்கில் 150க்குக் கீழுள்ள ஒலியைத் தாராளமாக வெட்டலாம். சாதாரண பி-ஃபிளாட் கிளாரினெட் 147 வரை இறங்கும். அங்கே கத்தியைக் கொஞ்சம் பார்த்து வையுங்கள். பதிவின்போதே ஒலி உச்சத்தைத் தாண்டிச் சிதைந்திருந்தால் எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது.

கிளாரினெட்டின் கீழ்முனையில் விரிந்திருக்கும் வாய்க்கு நேராக மைக் வைக்கிறார்கள் சிலர். ஆனால் பெரும்பாலான ஸ்வரங்கள் திறந்திருக்கும் துளைகள் வழியாகத்தான் வெளியே வருகின்றன, மைக்கை நடுவில் வையுங்கள். புல்லாங்குழல் என்றால் ஊதும் காற்று படாமல் சற்று மேலே.

தூரத்துக் காட்சிக்கு இன்னொரு போன் வேண்டும். ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர்தான் போகும். 30 மீட்டர் தள்ளியிருக்கும் போனுக்கு அது இரண்டு மூன்று ஃபிரேம் (வீடியோவின் தனித்தனிப் படம்) அளவு தாமதமாகப் போய்ச் சேரும். ஒலியைச் சட்டைப்பை போனில் பிடியுங்கள். ஆரம்பத்தில் ஒருமுறை கைதட்டுங்கள். எடிட்டிங்கில் படத்தில் கைகள் சேரும் ஃபிரேமோடு சட்டைப்பைப் பதிவின் சத்தத்தைப் பொருத்துங்கள். தூரத்துப் போனின் ஒலியை நம்ப வேண்டாம்.

அப்புறம், கிளாரினெட் மரத்தாலானதா? குளிர்ந்த காலையில் வெளியே எடுத்ததும் ஊதிவிடாதீர்கள். உள்ளே சூடான மூச்சு, வெளியே குளிர் என்றால் மரத்தில் விரிசல் விழலாம். கொஞ்ச நேரம் அக்குளில் வைத்திருங்கள். வீடியோவில் அது வரவேண்டியதில்லை.