ஆடியோ இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்து படிக்கலாமா?

பள்ளி முடிக்கப் போகிறேன், வீட்டுக் கணினியில் பாட்டுகளை மிக்ஸ் செய்து (தனித்தனி ஒலிப்பதிவுகளை ஒன்றாகக் கலந்து) பார்க்கிறேன், இதையே பட்டப்படிப்பாக எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இதைப் படித்துவிட்டு இதே துறையில் இருக்கிறேன். என் பதில்: பட்டத்துக்காகச் சேராதீர்கள். ஸ்டூடியோவில் கை வைக்கக் கிடைக்கும் நேரத்துக்காகச் சேருங்கள்.

என்னிடம் இதுவரை யாரும் சான்றிதழ் கேட்டதில்லை. செய்த வேலையைப் போட்டுக் காட்டச் சொல்வார்கள், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் கிடைக்காத ஒன்று நல்ல கல்லூரியில் உண்டு. டிரம்ஸைப் பதிவு செய்யும்போது ஸ்னேரில் (சுள்ளென்று ஒலிக்கும் டிரம்) விழும் ஒரே அடி ஒவ்வொரு மைக்குக்கும் ஒவ்வொரு நேரத்தில் போய்ச் சேரும். ஒலி ஒரு மில்லிசெகண்டில் ஏறக்குறைய 34 செ.மீ. தூரம்தான் போகும். மேலே தொங்கும் மைக், ஸ்னேர் பக்கத்தில் வைத்த மைக்கைவிட 1 மீட்டர் கூடுதல் தூரத்தில் இருந்தால் கிட்டத்தட்ட 3 மில்லிசெகண்ட் தாமதம். இரண்டு மைக்கின் ஒலியையும் சேர்த்தால், 170 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள கனமான ஒலியில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஸ்னேரின் கனமே அங்கேதான் இருக்கிறது, சத்தம் சவசவவென்று ஆகிவிடும். யூடியூபில் இதற்கு எத்தனையோ விளக்கங்கள் இருக்கின்றன. ஆனாலும் மைக்கை நீங்களே நகர்த்தி, போன கனம் திரும்பி வருவதைக் கேட்டால்தான் காதில் பதியும். அதற்கு அறை வேண்டும், மைக்குகள் வேண்டும், பொறுமையாகத் திரும்பத் திரும்ப வாசிக்க ஒரு நண்பரும் வேண்டும்.

அதனால் கல்லூரியைப் பார்க்கப் போனால் என்ன கன்சோல் (ஒலிகளைக் கலக்கும் பெரிய மிக்ஸிங் மேஜை) வைத்திருக்கிறார்கள் என்பதில் மயங்காதீர்கள். ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஸ்டூடியோ தனியாகக் கிடைக்கும் என்று கேளுங்கள், அதுவும் அங்கே படிக்கிறவர்களிடம். பத்துப் பேர் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பதுதான் வகுப்பு என்றால் அந்தக் கட்டணம் தண்டம்.

சேருமுன் ஒன்று செய்து பாருங்கள். ஒலியைப் பதிவு செய்து திருத்த உதவும் ரீப்பர் (Reaper) மென்பொருள் 60 நாள் சோதனைக்குக் கிடைக்கும். ஒருவருடைய அரை மணி நேரப் பேச்சைப் பதிவு செய்து, உதடும் நாக்கும் எழுப்பும் சத்தம், மூச்சு, மின்விசிறி இரைச்சல் எல்லாம் உறுத்தாமல் சுத்தம் செய்யுங்கள். சினிமா வசனம், ஒலிபரப்பு, பாட்காஸ்ட் என்று வேலை அதிகம் இருக்கும் பக்கமெல்லாம் பிழைப்பு இதுதான். செய்யும்போது நேரம் போனது தெரியாவிட்டால் தைரியமாக வாருங்கள். (காது கெடாமலிருக்க ஹெட்போன் சத்தத்தை இன்றே குறைத்துக்கொள்ளுங்கள். 85 டெசிபலில் ஒரு நாளுக்கு 8 மணி நேரம்தான் வரம்பு; 3 டெசிபல் ஏறினால் அது பாதியாகும்.)

பெரிய கடன் வாங்கித்தான் சேர முடியும் என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். எலக்ட்ரானிக்ஸோ கணினி அறிவியலோ படியுங்கள். பிளக்-இன் (ஒலி மென்பொருளோடு சேர்த்துப் பயன்படுத்தும் துணை நிரல்) எழுதும் வேலைக்கு வேண்டிய சிக்னல் ப்ராசஸிங் (ஒலி போன்ற அலைகளைக் கணக்கு மூலம் மாற்றும் முறை) அங்கேயே கற்கலாம். மைக் வைக்கும் பழக்கத்துக்கு, விடுமுறை நாட்களில் மேடை நிகழ்ச்சிகளில் கேபிள் இழுக்கும் உதவியாளராகப் போங்கள்.