சங்கமன் கவுன்டியிலிருந்து மாநாட்டுக்குப் போனவர்கள் யார்?

கேள்வி: அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம், ஸ்பிரிங்ஃபீல்டில் வசிக்கிறேன். இங்குள்ள உள்ளூர் வரலாற்றுக் குழுவில் தன்னார்வலர். எங்கள் சங்கமன் கவுன்டியிலிருந்து (கவுன்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி தேசிய மாநாடுகளுக்குப் பிரதிநிதிகளாகப் போனவர்களை ஆண்டுவாரியாகப் பட்டியல் போடும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. கவுன்டி அலுவலகத்தில் பதிவேடு இருக்குமா? எங்கே தொடங்குவது?

பதில்: கவுன்டி அலுவலகத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தேசிய மாநாடு என்பது அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சி கூட்டுவது, கட்சியின் சொந்த விவகாரம். அதோடு, தேசிய மாநாட்டுக்கு ஆள் அனுப்புவது மாநிலம்தான், கவுன்டி இல்லை. கவுன்டி மாநாடு தன் ஆட்களை மாநில மாநாட்டுக்கு அனுப்பும். அங்கே கூடியவர்கள் தேசிய மாநாட்டுக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். பழைய நடைமுறை இது. ஆகவே உங்கள் பட்டியலில் வரப்போகிறவர்கள், சரியாகச் சொன்னால், 'சங்கமனில் குடியிருந்த இல்லினாய் பிரதிநிதிகள்'.

1860-ஐ எடுத்துக்கொண்டால் இது விளங்கும். மே 9, 10 தேதிகளில் டிகேட்டர் நகரில் குடியரசுக் கட்சியின் மாநில மாநாடு. அதிபர் வேட்பாளராக முயன்ற ஆபிரகாம் லிங்கன் இளமையில் பிளந்ததாகச் சொல்லி, அவருடைய உறவினர் ஜான் ஹாங்க்ஸ் வேலிக் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தது அங்கேதான். பிரதிநிதிகள் எல்லாரும் ஒரே அணியாக லிங்கனுக்கே வாக்களிக்க வேண்டும் என்று தீர்மானமும் போட்டார்கள். அடுத்த வாரமே சிகாகோவில் தேசிய மாநாடு. மாநிலம் முழுமைக்குமான பிரதிநிதிகள் நால்வர்: சிகாகோவின் நார்மன் ஜட், பெல்வில்லின் குஸ்தாவ் கோர்னர், புளூமிங்டனின் டேவிட் டேவிஸ், குவின்சியின் ஆர்வில் பிரவுனிங். லிங்கனின் சொந்தக் கவுன்டிக்காரர் ஒருவர்கூட இந்த நால்வரில் இல்லை! ஆனால் லிங்கனோடு முன்பு சேர்ந்து வக்கீல் தொழில் நடத்திய ஸ்பிரிங்ஃபீல்டின் ஸ்டீவன் லோகன் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதி ஒன்றின் பிரதிநிதியாகப் போனார். நால்வரை மட்டும் பார்த்துவிட்டு 'சங்கமன்: யாருமில்லை' என்று எழுதியிருந்தால் லோகன் விடுபட்டிருப்பார். லிங்கன் போகவில்லை, ஸ்பிரிங்ஃபீல்டிலேயே தந்திக்குக் காத்திருந்தார். இன்னொன்று: பிரவுனிங்கின் மனசு லிங்கனோடு போட்டியிட்ட மிசூரியின் எட்வர்ட் பேட்ஸ் பக்கம் இருந்தது, ஆனாலும் தீர்மானம் கட்டிப்போட்டது. பிரதிநிதி யாருக்கு வாக்களித்தார் என்பதை வைத்து அவர் யார் பக்கம் என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்து, 'ஊர்க்காரர்' என்றால் யார் என்று முதலிலேயே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் இல்லினாய் ஆளுநரான ஜான் பாமர் 1856-இல் பிலடெல்பியாவில் நடந்த குடியரசுக் கட்சியின் முதல் தேசிய மாநாட்டுக்குப் போனபோது மெக்கூபின் கவுன்டியின் கார்லின்வில்காரர். பிற்பாடுதான் ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறினார், அங்கேயே இறந்தார், அடக்கம் மட்டும் கார்லின்வில்லில். வாழ்க்கைக் குறிப்பைப் பார்த்துப் பட்டியல் போடுகிறவர்கள் சறுக்குகிற இடம் இது. மாநாடு நடந்த நாளில் குடியிருந்த கவுன்டியையே எழுதுங்கள் என்பேன். எல்லையும் அப்படித்தான். 1839-இல் சங்கமனிலிருந்து மெனார்ட், லோகன், டேன் (இப்போது கிறிஸ்டியன்) என்று மூன்று கவுன்டிகளை வெட்டி எடுத்தார்கள். கட்சிகளின் தேசிய மாநாடுகளோ 1831, 1832-லேயே பால்டிமோரில் தொடங்கிவிட்டன. அந்த முதல் சில ஆண்டுகளுக்குப் பழைய வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தேடல். ஒவ்வொரு மாநாட்டுக்கும் இரண்டு பட்டியல் எடுங்கள். ஒன்று, மாநில மாநாடு முடிந்ததும் செய்தித்தாளில் வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் உங்களுக்கு அதிர்ஷ்டம்: குடியரசுக் கட்சிக்கு 'ஸ்டேட் ஜர்னல்', ஜனநாயகக் கட்சிக்கு 'ஸ்டேட் ரெஜிஸ்டர்' என்று ஆளுக்கொரு பத்திரிகை. உங்கள் ஊரிலேயே உள்ள லிங்கன் நூலகத்தில் நுண்படச் சுருள்களாகப் பார்க்கலாம். இரண்டாவது, மாநாட்டுக்குப் பின் அச்சான நடவடிக்கைக் குறிப்பு. பெரும்பாலும் பெயருக்குப் பக்கத்தில் ஊரும் இருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் பதற வேண்டாம். யாராவது வராமல்போய் மாற்றுப் பிரதிநிதி உட்கார்ந்திருப்பார். மாற்றுப் பிரதிநிதிகளுக்குத் தனிப் பத்தி போடுங்கள், கலக்காதீர்கள்.

1972-க்குப் பிறகு, வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே வாக்களிக்கும் முதல்நிலைத் தேர்தல்களின் கை ஓங்கியது. இல்லினாயில் குடியரசுக் கட்சி வாக்குச்சீட்டிலேயே பிரதிநிதியாக நிற்பவர்களின் பெயர் அச்சான ஆண்டுகள் உண்டு. அப்படிப்பட்ட ஆண்டுகளுக்குக் கவுன்டி அலுவலகத்தின் தேர்தல் ஆவணங்கள் உதவும். தொகுதி எல்லையைக் கவனியுங்கள்: 2010-களில் சங்கமன் 13, 18 என்று இரண்டு காங்கிரஸ் தொகுதிகளில் பிரிந்து கிடந்தது. பதவியின் பேரில் தானாகவே ஜனநாயகக் கட்சிப் பிரதிநிதி ஆகிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்பிரிங்ஃபீல்டுவாசியான செனட்டர் டிக் டர்பின் அந்த வகை. சேருங்கள், அடையாளக் குறி போட்டு.

கடைசியாக, போட்டிக் குழுக்கள். மிசிசிப்பியின் சன்ஃபிளவர் கவுன்டிக்கு இதே வேலையைச் செய்கிறவர் 1964-க்கு என்ன எழுதுவார்? கறுப்பினத்தாரை அந்த மாநில ஜனநாயகக் கட்சி உள்ளே விடாததால் மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி தானே கவுன்டி மாநாடுகளும் மாநில மாநாடும் கூட்டி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ஜனநாயகக் கட்சி தேசிய மாநாட்டுக்கு ஆள் அனுப்பியது. ஆகஸ்ட் 22 அன்று, யாருக்கு இருக்கை என்று பார்க்கும் தகுதிக் குழுவின் முன் அவர்களில் ஒருவரான ஃபேனி லூ ஹேமர் பேசத் தொடங்கியதே தன் பெயர், வீட்டு முகவரி, ரூல்வில், சன்ஃபிளவர் கவுன்டி என்றுதான். மொத்தக் குழுவுக்கும் இரண்டே இடம் தருவதாக மாநாட்டுத் தரப்பு சொன்னது, சுதந்திர ஜனநாயகக் கட்சியினர் மறுத்துவிட்டார்கள். 1968 சிகாகோ மாநாட்டில்தான் ஹேமர் பிரதிநிதியாக அமர்ந்தார். நானாக இருந்தால் 1964-இலும் அவர் பெயரை எழுதி, பக்கத்தில் 'இருக்கை தரப்படவில்லை' என்று குறிப்பேன்.

உங்களுக்கும் இது தேவைப்படும். 1860-இல் சார்ல்ஸ்டன் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு இல்லினாயிலிருந்து இரண்டு குழுக்கள் போயின: அதிபர் வேட்பாளராக முயன்ற இல்லினாய் செனட்டர் ஸ்டீவன் டக்ளஸின் ஆட்கள், அவர்களுக்கு எதிராக ஐசக் குக் தலைமையில் ஒரு குழு. டக்ளஸ் குழுவுக்கே இருக்கை கிடைத்தது. 'ரெஜிஸ்டர்' டக்ளஸ் பக்கத்துப் பத்திரிகை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, தோற்ற குழுவில் சங்கமன்காரர் யாராவது இருந்தாரா என்று வேறு பத்திரிகைகளிலும் பாருங்கள்.