பல் கிளினிக்கில் எந்த வேலையை யாரிடம் விடலாம்?

கேள்வி: தருமபுரியில் இரண்டு சேர் போட்டு பல் கிளினிக் நடத்துகிறேன். உதவிக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். சொன்னால் செய்கிறார்கள், சொல்லாவிட்டால் அப்படியே கிடக்கிறது. பாலக்கோட்டில் இன்னொரு கிளினிக் தொடங்க ஆசை. எந்த வேலையை எப்படி ஒப்படைப்பது?

பதில்: 'சொன்னால் செய்கிறார்கள்' என்றால் வேலைதான் அவர்களிடம் போயிருக்கிறது டாக்டர், பொறுப்பு போகவில்லை. துண்டு துண்டாகக் கொடுக்காமல், ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒருவரிடமே விடுங்கள்.

முதலில் லேப் வேலை, அதாவது வெளியே பல் செய்து தரும் லேபுக்கு அளவு அனுப்பி வாங்குவது. பென்னாகரத்திலிருந்து பஸ் பிடித்து கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) போட வந்தவரை, "இன்னும் லேபிலிருந்து வரலை, அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பினால் கிளினிக்கின் பெயர் கெட்டுப்போகும். ஒரு நீள நோட்டு போதும். பெயர், போன் நம்பர், பல் எண், ஷேடு (பல்லின் நிறம்), அளவு அனுப்பிய தேதி, லேப் சொன்ன தேதி, கைக்கு வந்த தேதி. நோயாளி வருவதற்கு முந்தின நாள் மதியத்துக்குள் கேப் வராவிட்டால், உங்களைக் கேட்காமலே அந்தப் பெண் போன் செய்து தேதியை மாற்றிவிட வேண்டும். கேட்காமலே செய்யும் இந்த உரிமையைக் கொடுக்காவிட்டால் நோட்டு வெறும் நோட்டுதான். வந்த கேப்பின் பல் எண்ணும் ஷேடும் சரியா என்று பார்ப்பதும் அவரே. வாயில் பொருந்துகிறதா என்பது மட்டும் உங்கள் பாடு.

இன்னொருவருக்கு ஆட்டோகிளேவ், அதாவது கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் இயந்திரம். ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம், வெப்பம், அழுத்தம் எழுதி, கருவிகளோடு உள்ளே வைத்து நிறம் மாறிய சோதனை ஸ்ட்ரிப்பை நோட்டில் ஒட்டட்டும். நிறம் மாறாவிட்டால் அந்தச் சுற்றுக் கருவி எதையும் வெளியே எடுக்கக் கூடாது. வாரம் ஒருமுறை நீங்கள் புரட்டிப் பார்த்தால் போதும்.

போன், பில் இரண்டுக்கும் கட்டண விவரத்தையும், எவ்வளவு வரை குறைக்கலாம் என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் "வலிக்கு என்ன மாத்திரை போடலாம்?" என்று யாராவது கேட்டால் போன் உங்களிடம் வர வேண்டும்.

விடக்கூடாதவையும் உண்டு. நோயைக் கண்டறிவது, மரத்துப்போக ஊசி, மருந்துச் சீட்டு எல்லாம் உங்களுடையவை. சர்க்கரை இருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாரா என்று உதவியாளர் எழுதி வைக்கலாம். பல் பிடுங்கும் முன் நீங்களும் ஒருமுறை கேளுங்கள். பழகிவிட்டார் என்பதற்காக கிளீனிங்கை உதவியாளரிடம் விடாதீர்கள். பதிவு பெற்ற டென்டல் ஹைஜீனிஸ்ட் (பல் சுத்தம் செய்யப் படித்தவர்) என்றால் வேறு.

மிச்சமாகும் நேரத்தில் இன்னும் நாலு நோயாளியைத் திணிக்காதீர்கள். நம் மாவட்டத்துக்கென்றே ஒரு வேலை காத்திருக்கிறது. ஒகேனக்கல் குடிநீர் வந்துவிட்டாலும், சின்ன வயதில் ஃபுளோரைடு அதிகமுள்ள போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை அப்படியே இருக்கிறது. பல் உருவாகும்போதே உள்ளே பதிந்தது, பிரஷ்ஷால் தேய்த்தால் போகாது. சிரிக்கக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு மைக்ரோஅப்ரேஷன் (மேற்பரப்பை மெல்லிசாகச் சுரண்டி எடுப்பது), ப்ளீச்சிங் (வெளுக்க வைப்பது), காம்போசிட் (பல் நிறப் பசை பூசுவது), வெனீர் (முன்பக்கம் மெல்லிய தகடு ஒட்டுவது) என்று கறையின் ஆழம் பார்த்துச் செய்ய நிதானமான நேரம் வேண்டும். வாரத்தில் ஒரு மதியத்தை இதற்கென்றே பூட்டி வையுங்கள்.

பாலக்கோட்டில் இப்போதே அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். லேப் நோட்டு, ஸ்டெரிலைசேஷன், பில் மூன்றும் ஒரு மாதம் உங்கள் கை படாமல் ஓடட்டும். அப்புறம் அங்கே வாரம் இரண்டு மாலை உட்காருங்கள். இந்த இரு பெண்களில் ஒருவரைக் கூடவே அழைத்துப் போங்கள், சம்பளத்தையும் கூட்டிக் கொடுங்கள். அங்கே சேரும் புது ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் பொறுப்பு.