இரண்டு அரியரும் ஓர் ஆளுமைச் சோதனையும்

ஐயா,

பள்ளியில் கடைசிவரை முதல் மூன்று இடங்களுக்குள் இருந்தவன் நான். கல்லூரியில் முதல் செமஸ்டரிலேயே இரண்டு அரியர். இணையத்தில் ஓர் ஆளுமைச் சோதனை எழுதிப் பார்த்தேன், பொறுப்புணர்வு மிகக் குறைவு என்று வந்தது. என் குணமே படிப்புக்கு ஒத்துவராதோ?

முதலாண்டு மாணவன்

அன்புள்ள தம்பி,

அந்தச் சோதனையை முதலில் மூடிவை. உளவியலில் ஆளுமையை ஐந்து கூறாகப் பிரிக்கிறார்கள், அதில் கல்லூரி மதிப்பெண்ணோடு மற்றவற்றைவிட அதிகம் ஒட்டுவது பொறுப்புணர்வுதான், அது உண்மை. ஆனால் எவ்வளவு? ரிச்சர்ட்சன், ஆபிரகாம், பாண்ட் மூவரும் 13 ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி 2012-இல் வெளியிட்ட கணக்கில் அதன் ஒட்டுறவு 0.19 (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). வர்க்கப்படுத்திப் பார், மாணவருக்கு மாணவர் மதிப்பெண் வேறுபடுவதில் நூற்றுக்கு நான்கு பங்கைக்கூட அது முழுசாக விளக்கவில்லை. இதை வைத்தா தலையெழுத்தை எழுதிக்கொள்கிறாய்? பள்ளி மதிப்பெண்ணுக்கு 0.40, அது உன் பக்கம்தான் இருக்கிறது.

சரி, நான் கேட்பது வேறு. வகுப்புக்குப் போகிறாயா? 2010-இல் க்ரெடே குழுவினர் தொகுத்துப் பார்த்ததில், நுழைவுத் தேர்வையும் பள்ளி மதிப்பெண்ணையும்விட வருகைப் பதிவுதான் கல்லூரி மதிப்பெண்ணை நன்றாகக் காட்டிக்கொடுத்தது.

என் விடுதி அறையில் ஒருவன் இருந்தான். மேஜை அலங்கோலம், சட்டை துவைக்க மாட்டான், எந்தச் சோதனையிலும் பொறுப்புக்கு அவனுக்கு முட்டைதான் விழும். ஆனால் வகுப்பு விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து, நோட்டை மூடிவைத்துவிட்டு, அன்று நடத்தியதை ஏதாவது ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்ப்பான். முட்டுகிற இடத்தில் மட்டும் நோட்டைத் திறப்பான். இருபது நிமிஷம். நானோ தேர்வுக்கு முந்தைய இரவு அதே பாடத்துக்கு மார்க்கரால் மஞ்சள் பூசிக்கொண்டிருப்பேன் (கடைசியில் பக்கம் முழுக்க மஞ்சள், எது முக்கியம் என்றே தெரியாது).

ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் இதைச் சோதித்தே காட்டினார்கள். ஐந்து நிமிஷத்தில் கேட்டால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்துகிறார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்கள். பள்ளியில் வாரத்துக்கு ஒரு டெஸ்ட் வைத்து இந்த வேலையை ஆசிரியர்களே உன்னிடம் வாங்கிக்கொண்டிருப்பார்கள், அது உன் பொறுப்புணர்வு என்று நீ நினைத்திருப்பாய். இப்போது டெஸ்ட் வைக்க ஆள் இல்லை.

அந்த இரண்டு பாடத்திலும் எத்தனை வகுப்பு போனாய் என்று எண்ணிப் பார்த்து எனக்கு எழுது. அப்புறம் பேசுவோம்.