கோபாலபுரம் செக்போஸ்ட்டும் குடும்ப வன்முறைச் சட்டமும்: கேள்வி பதில்

கோபாலபுரம் செக்போஸ்ட் தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவின் தமிழ் ஊர்களிலிருந்தும், இந்தப் பக்கம் பொள்ளாச்சியிலிருந்தும் சீட்டில் எழுதி வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது சட்ட உதவித் தன்னார்வலராக இருப்பவர். கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டோம்.

சிஸ்டர், எங்க ஊட்டுக்காரர் இதுவரைக்கும் ஒரு அடி அடிச்சதில்லைங்க. ஆனா என் சம்பள ஏடிஎம் கார்டு அவர்கிட்டத்தான். அம்மாகூடப் பேசினா ஸ்பீக்கர்ல போடச் சொல்றார். நோம்பிக்குக்கூட அனுப்பறதில்லை. இதை வன்முறைன்னு சொல்ல முடியுங்களா?

முடியும் அம்மணி. 2005ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் நாலு வகை சொல்கிறது. உடம்பில் விழும் அடி, பாலியல் கொடுமை, பேச்சாலும் மிரட்டலாலும் மனதை வதைப்பது, பணத்தை வைத்துச் செய்வது. உங்கள் கார்டு அவர் பையில் இருப்பது கடைசி வகை. ஸ்பீக்கர் விஷயம் மூன்றாவது. தழும்பு இருந்தால்தான் மனு என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை.

யார் வந்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி, "அவர் வண்டிச் சத்தம் வாசலில் கேட்டதும் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்பதுதான். ஒருத்தி டிவியை அணைப்பாள். ஒருத்தி குழந்தையை "சத்தம் போடாதே" என்று உள்ளே இழுப்பாள். இன்னொருத்தி போனில் கால் லிஸ்ட்டை அழிப்பாள். சண்டை எல்லார் வீட்டிலும் உண்டு, அதில் இரண்டு பேரும் கத்துவார்கள், மறுநாள் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஒருவர் மட்டுமே எப்போதும் பயந்து நடக்கும் வீடு அந்தக் கணக்கில் வராது. கர்ப்பமாக இருக்கும்போது இது கூடினாலோ, "நீ போனா நான் செத்துருவேன்" என்று சொல்ல ஆரம்பித்தாலோ, வீட்டுச் சாமானையும் நாயையும் போட்டு அடித்தாலோ இன்னும் கவனமாக இருங்கள்.

கள்ளு குடிச்சாத்தான் கை நீட்டறார். மத்தபடி தங்கமான மனுஷன். குடியை நிறுத்தினா சரியாயிருமா?

நம்ம பக்கம் கள்ளுக்கடைக்குப் பஞ்சமில்லை. பொள்ளாச்சியிலிருந்து செக்போஸ்ட் தாண்டி வந்து குடித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அவர் கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவரை அடித்தாரா? வழியில் வண்டியை நிறுத்திய போலீஸ்காரரை அடித்தாரா? இரண்டு கிலோமீட்டர் வந்து வீட்டுக்குள் நுழைந்த பிறகுதானே கை ஓங்குகிறது. அதுவும் முகத்தை விட்டுவிட்டு முதுகில். அவ்வளவு நிதானம் இருக்கிறது. குடிக்குச் சிகிச்சை கட்டாயம் வேண்டும், அடியை அது கூட்டும் என்பதும் நிஜம். ஆனால் குடியை விட்டபிறகும் கை நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

போன வாரம் சண்டையில் கழுத்தைப் பிடிச்சு அழுத்திட்டார். ஒரு நிமிஷம் கண் இருட்டிருச்சு. இப்ப நல்லாத்தான் இருக்கேன், குரல் மட்டும் கொஞ்சம் கம்முது. ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?

இதைப் படிக்கிற இன்றைக்கே போங்கள்.

மற்றக் கேள்விகளையெல்லாம் விட இதற்குத்தான் நான் அதிகம் எழுத வேண்டும். கழுத்தை நெரித்தால் சில விநாடியிலேயே நினைவு தப்பும். வெளியில் ஒரு தடம்கூட இல்லாமல் இருக்கலாம், உள்ளே ரத்தக்குழாயின் சுவர் கிழிந்திருக்கலாம். வீக்கமும் ரத்தக்கட்டும் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் தாமதித்து வரும். பக்கவாதம்வரை போகும். குரல் கம்முவது, விழுங்கக் கஷ்டம், கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், தலைவலி, அந்த நேரத்தில் தெரியாமல் சிறுநீர் போயிருப்பது, எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். "விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் சீட்டில் அதுதான் ஏறும், ஆறு மாதம் கழித்துக் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் வாசிப்பார். "கணவர் இரண்டு கையாலும் கழுத்தை நெரித்தார்" என்று அப்படியே எழுதச் சொல்லுங்கள். காயத்தைப் பற்றி டாக்டர் எழுதித் தரும் அந்தச் சீட்டைத் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி என்பார்கள், கேரளத்தில் வூண்ட் சர்ட்டிபிகேட். கேரள அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே 'பூமிகா' மையங்கள் உண்டு, அங்கே மனம்விட்டுப் பேச ஓர் ஆலோசகர் இருப்பார்.

இன்னொன்று. 2008இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், துணைவரால் ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னாளில் அவராலேயே கொல்லப்படும் அபாயம் மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கு மேல் என்று கண்டார்கள். அறைந்தவரையும் கழுத்தைப் பிடித்தவரையும் நான் ஒரே தட்டில் வைப்பதில்லை. அங்கே திரும்பிப் போவதற்கு முன்னால் வேறு யாரிடமாவது பேசுங்கள். பெண்கள் உதவி எண் 181, அவசரமென்றால் போலீஸுக்கு 112.

பிறந்தது கொழிஞ்சாம்பாறை, வாக்கப்பட்டது பொள்ளாச்சிப் பக்கம். அடி தாங்காம அம்மா வீட்டுக்கு வந்துட்டேன். இங்க ஸ்டேஷன்ல "சம்பவம் அங்க நடந்தது, அங்க போய்க் குடு"ங்கறாங்க. அங்க போக பயமா இருக்கு.

எல்லைக்காரிகள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. போக வேண்டியதில்லை.

குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ தங்கியிருக்கும் இடம், வேலை செய்யும் இடம், அவர் இருக்கும் இடம், சம்பவம் நடந்த இடம், இதில் எந்த ஊர் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டிலும் மனுப் போடலாம். அம்மா வீட்டில் ஒண்டியிருப்பது 'தற்காலிகமாகத் தங்குவது'தான். சித்தூர் கோர்ட் போதும். அங்கே வாங்கிய உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும், பொள்ளாச்சியில் இருக்கும் அவரையும் கட்டுப்படுத்தும்.

போலீஸ் புகாருக்கும் வழி உண்டு. மனைவியைக் கணவனோ அவன் வீட்டாரோ கொடுமைப்படுத்துவதற்கான பழைய 498ஏ, இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு. மாமியார் வீட்டிலிருந்து விரட்டப்பட்ட பெண் தஞ்சம் புகுந்த ஊரிலேயே அந்தப் புகாரைக் கொடுக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2019 ஏப்ரலில் ரூபாலி தேவி வழக்கில் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் ஸ்டேஷனில் தகவலைப் பதிய வேண்டும். ஜீரோ எப்.ஐ.ஆர். என்பது அதுதான். பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள், பாதி இடங்களில் அதைக் கேட்டதுமே புகாரைப் பதியப் பேனா எடுத்துவிடுவார்கள்.

ஸ்டேஷன் படியேறவே பிடிக்கவில்லை என்றால் பாதுகாப்பு அலுவலரிடம் போங்கள். இந்தச் சட்டத்துக்கென்று அரசு வைத்திருக்கும் அதிகாரி அவர், கேரளத்தில் பெண்கள் குழந்தைகள் வளர்ச்சித் துறையில் இருப்பார், தமிழ்நாட்டில் சமூக நலத்துறையில். அவர்தான் சம்பவ அறிக்கையை எழுதி மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்புவார், காசு கிடையாது. வக்கீலுக்கும் கவலை வேண்டாம். பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, சித்தூர் தாலுக்கா லீகல் சர்வீஸ் கமிட்டியில் கேளுங்கள், அல்லது சட்ட உதவி எண் 15100. மனுவைத் தமிழில் எழுதலாமா என்று பலர் தயங்குகிறார்கள். சித்தூர் தாலுக்கா தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி, இங்குள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம்.

மனு கிடைத்து மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அறுபது நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும். அதனால் முதல் நாளே இடைக்கால உத்தரவு கேட்கச் சொல்லி வக்கீலை நச்சரியுங்கள்.

கேஸ் போட்டா அவர் ஜெயிலுக்குப் போயிருவாரே, வேலை போயிருமே. எனக்கு அடி நின்னாப் போதும்.

அப்படியென்றால் குடும்ப வன்முறைச் சட்டம்தான் உங்களுக்கு. அதில் மனுப் போட்டதும் யாரும் கைது செய்ய வரமாட்டார்கள். அடிக்காதே, வீட்டை விட்டுத் துரத்தாதே, செலவுக்குக் கொடு என்று மாஜிஸ்ட்ரேட் உத்தரவிடுவார். அந்தப் பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் குற்றம், ஒரு வருடம்வரை சிறை, அல்லது 20,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். விவாகரத்தும் இதுவும் வேறு. அதே வீட்டில் இருந்துகொண்டே மனுப் போட்டவர்கள் இருக்கிறார்கள். வீடு மாமனார் பேரில் இருந்தாலும் அங்கே குடித்தனம் நடத்திய மருமகளுக்குத் தங்கும் உரிமை உண்டு என்று 2020இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கிறது.

எனக்குப் போட்ட நகையெல்லாம் மாமியார் லாக்கரில். கேட்டா "குடும்பச் சொத்து"ங்கறாங்க.

பெண்ணுக்குப் போட்ட நகையும் சீரும் பெண்ணுக்கே சொந்தம். கேரளத்துத் தம்பதி வழக்கு ஒன்றில் 2024 ஏப்ரலில், மனைவியின் நகைமேல் கணவனுக்கு உரிமையில்லை என்று சொல்லி 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. கல்யாண ஆல்பமும் நகைக்கடை பில்லும் உங்கள் அம்மா வீட்டில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். ஆல்பத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எத்தனை வளையல் என்றுகூட எண்ணலாம்.

பக்கத்து வீட்டில் ராத்திரி அந்தப் பிள்ளை அலறுது. குடும்ப விஷயத்தில் நாம எப்படித் தலையிடறது?

யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம், நல்லெண்ணத்தில் சொன்னவர்மேல் வழக்கு வராது. சட்டத்தின் நாலாவது பிரிவே அதற்குத்தான். அலறல் கேட்கும் நேரத்தில் 112. நீங்களே போய்க் கதவைத் தட்டுவதானால் இரண்டு மூன்று பேராகப் போங்கள், "மோட்டார் சுவிட்ச் போடணும்", "பால் இருக்கா" என்று ஏதாவது சாக்கோடு. பகலில் அந்தப் பெண் தனியாக இருக்கும்போது மெதுவாகக் கேளுங்கள். கணவர் காதில் விழும்படி "ராத்திரி என்ன சத்தம்?" என்று கேட்டுவிட்டால், அதற்கும் அவள்தான் அடி வாங்குவாள்.

என் தங்கச்சியை மூணு தரம் கூட்டிட்டு வந்தோம், மூணு தரமும் அவளே திரும்பிப் போயிட்டா. இனி வந்தா சேர்க்கறதில்லைன்னு அப்பா சொல்றார்.

தம்பி, அப்பாவிடம் அந்த வார்த்தையை மட்டும் எப்படியாவது வாபஸ் வாங்க வையுங்கள். குழந்தை படிப்பு, கையில் காசில்லாமை, "இனி மாட்டேன்" என்று அவர் அழுதது, ஊர் என்ன சொல்லும் என்ற பயம், இத்தனையும் சேர்ந்து இழுக்கிறது. பலர் நாலைந்து தரம் போய் வந்த பிறகுதான் நிலையாக வெளியே வருகிறார்கள். பிரியும் நேரமும் பிரிந்த உடனேயுமான நாட்கள்தான் உயிருக்கு மிக ஆபத்தானவை என்பதால், அடுத்த தரம் ஆத்திரத்தில் ஆள் திரட்டிக்கொண்டு போய் இழுத்து வராதீர்கள். அவர் வேலைக்குப் போன நேரமாகப் பாருங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், இவற்றின் போட்டோவை அவள் இப்போதே உங்களுக்கு அனுப்பி வைக்கட்டும். காயத்தின் போட்டோவும் அப்படியே. 2021இல் கொல்லம் மாவட்டத்தில் இறந்த ஆயுர்வேத மாணவியின் வழக்கில், அவள் உயிரோடு இருந்தபோது சொந்தக்காரர்களுக்கு அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்திகளும் படங்களும் சாட்சியாக நின்றன. கணவனுக்குப் பத்து வருடத் தண்டனை என்று 2022இல் தீர்ப்பு வந்தது. அவளையும் ஒருகட்டத்தில் பிறந்த வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார்கள், திரும்பிப் போனவள்தான்.

போனை அவர் தினமும் பார்க்கிறார். எப்படி உதவி கேட்பது?

பக்கத்து வீட்டுப் போனிலிருந்து, அல்லது கேரளத்துப் பெண்கள் சுயஉதவிக் குழுவான குடும்பஸ்ரீயின் அக்கா போனிலிருந்து. குடும்பஸ்ரீயின் 'ஸ்நேகிதா' உதவி மையத்தை அவர்களே பிடித்துக் கொடுப்பார்கள். வாட்ஸ்ஆப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' திறந்து, உங்கள் வாட்ஸ்ஆப் வேறு போனிலோ கம்ப்யூட்டரிலோ ஓடுகிறதா என்று பாருங்கள். பார்த்ததும் துண்டிக்க வேண்டாம், பாஸ்வேர்டை ஒரேயடியாக மாற்றவும் வேண்டாம். அவருக்குச் சந்தேகம் வரும்.

பொண்டாட்டி என்னை அடிக்கிறா. ஆம்பளைக்குச் சட்டம் இல்லையா?

குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஆண் மனுதாரராக முடியாது. ஆனால் காயம் ஏற்படுத்துவது யார் செய்தாலும் குற்றம், ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாம், விவாகரத்துக்கும் கொடுமை ஒரு காரணம். வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள்.

மகன் அடிக்கிறான். இந்த வயசுல யார்கிட்டப் போய்ச் சொல்ல?

அக்கா, இந்தச் சட்டம் மனைவிக்கு மட்டுமல்ல, ஒரே வீட்டில் இருக்கும் அம்மா, அக்கா தங்கை, விதவை மருமகள் எல்லாருக்கும். அறுபது தாண்டியவர் என்றால் 2007ஆம் வருடத்து மூத்த குடிமக்கள் சட்டமும் இருக்கிறது, வருவாய்க் கோட்ட அலுவலர் (ஆர்.டி.ஓ.) ஆபீசில் மனு. வீட்டை அவன் பேருக்கு எழுதும் பேச்சு இருந்தால் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

கேரளாவில் இதெல்லாம் கம்மிதானே சிஸ்டர்? தமிழ்நாட்டிலதான் அதிகம்னு சொல்றாங்க.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் கணவரிடம் வன்முறை அனுபவித்ததாகச் சொன்ன பெண்கள் தமிழ்நாட்டில் 38 சதவீதம், கேரளத்தில் 10 சதவீதத்தை ஒட்டி. அது வாய் திறந்து சொன்னவர்களின் கணக்கு. மீனாட்சிபுரத்திலும் வேலந்தாவளத்திலும் எல்லைக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தங்கை என்று வாக்கப்பட்டிருக்கிறார்கள். எங்கள் வார்டுக்கு வந்தவர்களை நான் மாநிலம் பார்த்துப் பிரித்ததில்லை.

ஊர்ப் பெரியவங்க பேசி முடிச்சு வெச்சு, திரும்பிப் போகச் சொல்றாங்க. போகட்டுமா?

போவதும் போகாததும் உங்கள் முடிவு, நான் சொல்லமாட்டேன். போவதாக இருந்தால் பஞ்சாயத்துப் பேச்சை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவை வாங்கி அதன் நகலோடு போங்கள். மனுவை வாபஸ் வாங்கினால்தான் கூட்டிப்போவேன் என்றால் அவர் இன்னும் மாறவில்லை. ஒரு போன், கொஞ்சம் ரொக்கம், ஒரு வங்கிக் கணக்கு உங்கள் கையில் மட்டும் இருக்கட்டும். பெரியவர்கள் நீட்டும் வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம், எழுதி முடித்த பேப்பர் என்றாலும் லீகல் சர்வீஸ் கமிட்டி வக்கீலுக்கு ஒரு போட்டோ அனுப்பிவிட்டுப் போடுங்கள்.

181க்குக் கூப்பிட்டா மலையாளத்தில பேசறாங்க.

எல்லையில் இது சகஜம். முதல் வாக்கியத்திலேயே மாநிலம், மாவட்டம், ஊர் மூன்றையும் சொல்லிவிட்டு, "தமிழ் தெரிந்தவரிடம் கொடுங்கள்" என்று கேளுங்கள். லைன் அறுந்தாலும் எந்த ஊரிலிருந்து அழைப்பு வந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.