‘நான்’ நிற்கட்டும், மற்றதைத் திருப்புங்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அறுகம்பையில் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். ஆங்கிலம் வாசித்தால் விளங்கும், சொற்களும் தெரியும். வாயைத் திறந்தால்தான் வசனம் தலைகீழாக வருகிறது. போன கிழமை ஒரு வெள்ளைக்காரப் பெண் என் சாரியைத் தொட்டுப் பார்த்து எங்கே வாங்கியது என்று கேட்டார். “ஐ மருதமுனை ஷொப் இன் திஸ் சாரி போட்” என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். குலைத்துப் போட்ட சொற்களை ஒழுங்காக்கும் பயிற்சிப் புத்தகம் ஒன்றை முழுதாகச் செய்து முடித்தேன். பலனில்லை. என்ன செய்யலாம்?

வாசகி, பொத்துவில்

அன்புள்ள தங்கச்சி,

அந்தப் பெண்ணுக்கு நிச்சயம் விளங்கியிருக்கும். மருதமுனைக் கைத்தறி பிடித்துப்போய்ச் சிரித்திருக்கலாம், யார் கண்டது?

ஒரு கடதாசியை ஐந்து துண்டாக வெட்டி இப்படி எழுதுங்கள்: நான் / மருதமுனையில் உள்ள / ஒரு கடையில் / இந்தச் சாரியை / வாங்கினேன். மேசையில் வரிசையாக வையுங்கள். ‘நான்’ அசையாமல் இருக்கட்டும். மற்ற நாலையும் கடைசியிலிருந்து எடுத்து அடுக்குங்கள். நான், வாங்கினேன், இந்தச் சாரியை, ஒரு கடையில், மருதமுனையில் உள்ள. இனி ஆங்கிலத்தில்: ஐ போட் திஸ் சாரி அட் எ ஷொப் இன் மருதமுனை. அவ்வளவுதான். துண்டுக்குள்ளும் அதே திருப்பம்தான். நம்முடைய ‘இல்’ கடைக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும், அவர்களுடைய ‘அட்’ கடைக்கு முன்னால் நிற்கும்.

ஏன் இந்த வில்லங்கம்? ‘பூனை மீனைத் தின்றது’ என்றாலும் ‘மீனைப் பூனை தின்றது’ என்றாலும் நமக்கு ஒன்றுதான். தின்னப்பட்டது எது என்பதை மீனோடு ஒட்டிய ‘ஐ’ உருபு சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் இடத்தை மாற்றினால் மீன் பூனையைத் தின்றுவிடும். ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கும் வேற்றுமை விகுதிகள் இருந்தன. அவை தேய்ந்து போனதால் இப்போது சொல் உட்காரும் கதிரையை வைத்துத்தான் பொருள்.

(சிங்களத்திலும் வினை கடைசியில்தான். அம்பாறைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளைகள் உங்களோடு வேலை செய்தால் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கும் இதே வருத்தம்.)

பயிற்சிப் புத்தகத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் சொற்களெல்லாம் கண்முன்னே கிடக்கும், யோசிக்க நேரமும் இருக்கும். வரவேற்பு மேசையில் இரண்டும் இல்லை. அதனால் ஆளையும் வினையையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள், மீதி பிறகு வரும். ஐ போட். ஐ போட் எ சாரி. ஐ போட் எ சாரி இன் மருதமுனை. ஐ போட் எ சாரி இன் மருதமுனை லாஸ்ட் வீக். அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் இப்படி இருபது வசனத்துக்கு வால் வளர்க்கலாம். மனதுக்குள் அல்ல, உதடு அசைய வேண்டும். பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

எல்லாவற்றையும் திருப்பிவிடவும் கூடாது. ‘சிவப்புச் சாரி’ அங்கேயும் ‘ரெட் சாரி’தான்.

கேள்விகள் வேறு கதை. பல வருடத்துக்கு முன் மட்டக்களப்பில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலையில் இருந்தேன். கொழும்பிலிருந்து ஒருவர் எங்கள் பெரியவரைக் கேட்டார். “ஐ டோன்ட் நோ வெயார் இஸ் ஹி” என்றேன். அவர் ஆறுதலாக “வெயார் ஹி இஸ்” என்று திருத்திவிட்டுத்தான் போனை வைத்தார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நேரே கேட்டால் ‘வெயார் இஸ் ஹி’ சரி. அதே கேள்வி இன்னொரு வசனத்துக்குள் அடங்கிவிட்டால் ‘ஹி’ தன் பழைய கதிரைக்குத் திரும்பிவிடும்.

உங்கள் மேசைக்கு இது தினமும் உதவும். பஸ் எத்தனை மணிக்கு என்று யாரும் கேட்டு, உங்களுக்குத் தெரியாவிட்டால், “ஐ வில் ஆஸ்க் வென் த பஸ் லீவ்ஸ்” என்று சொல்லிவிட்டு வெளியே ஓட்டோக்காரரிடம் போய்க் கேட்டு வாருங்கள்.