ரைட்டில் ஏறி வரும் பஸ்ஸும் இடதோரம் போகும் ஸ்கூட்டரும்

கேள்வி: "தினமும் ஸ்கூட்டரில் இருவழிச் சாலையில் வேலைக்குப் போகிறேன். பஸ், லாரி எல்லாம் எதிரே ஏறி வந்து என்னை மண்ணில் இறக்கிவிடுகின்றன. பின்னால் வருபவை உரசுகிற மாதிரி முந்துகின்றன. ஓரமாகத்தான் போகிறேன். இதற்கு மேல் என்ன செய்வது?"

"ஓரமாகத்தான் போகிறேன்" என்கிறீர்களே, சிக்கலில் பாதி அங்கேதான் இருக்கிறது. இப்படிச் சொன்னதும் "அப்போ தப்பு ஸ்கூட்டர்காரன் மேலயா?" என்று சண்டைக்கு வருவார்கள். தப்பு ஏறி வருகிறவர் மேல்தான், அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் யார் மேல் தப்பு என்பது எஃப்ஐஆரில் எழுதுகிற சமாசாரம். ரோட்டில் உங்கள் கையில் இருக்கும் ஐந்து விநாடிக்குக் கணக்கு வேறு.

ஊரையும் வண்டியையும் நீங்கள் சொல்லவில்லை. நடுவில் மீடியன் இல்லாத 7 மீட்டர் ரோடு, 110 சிசி ஸ்கூட்டர், 50 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான்கு வழிச் சாலைக்கு இதில் பாதி பொருந்தாது.

முதலில் அகலம். 7 மீட்டர் ரோட்டில் உங்கள் பக்கம் மூன்றரை மீட்டர். ஒரு பஸ் சட்டப்படி அதிகபட்சம் 2.6 மீட்டர் அகலம் இருக்கலாம். கண்ணாடியோடு சேர்த்து ஸ்கூட்டருக்குச் சுமார் 80 சென்டிமீட்டர். கூட்டிப் பாருங்கள், 3.4 வரும். மிச்சம் பத்து சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. அதாவது நடுக்கோட்டைத் தாண்டாமல் ஒரு பஸ் உங்களை முந்தவே முடியாது. எதிரே வண்டி வந்தால் அவர் பொறுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் நீங்கள் இடதோர வெள்ளைக் கோட்டின் மேலேயே உருட்டிக்கொண்டு போனால், டிரைவர் சீட்டிலிருந்து பார்க்கிறவருக்கு "போயிடலாம்" என்று தோன்றும். புகுந்த பிறகுதான் இடம் போதவில்லை என்று தெரியும். அப்போது அவர் ஒதுங்குவது எதிரே வரும் லாரியைவிட்டு. அதாவது உங்கள் பக்கம்.

அதனால் தார் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர், ஒன்றேகால் மீட்டர் உள்ளே ஓட்டுங்கள். கார்களின் இடது சக்கரம் ஓடி ஓடிப் பளபளப்பாகி இருக்குமே, அந்தத் தடம். அங்கே நீங்கள் இருந்தால் பின்னால் வருகிறவர் தூரத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும்: ஒன்று பின்னாலேயே வரவேண்டும், அல்லது முழுசாக வெளியே எடுத்து முந்தவேண்டும். அதையும் மீறி ஒருவர் பக்கத்தில் வந்து நெருக்கினால், உங்களுக்கு இடப்பக்கம் ஒரு மீட்டர் கையிருப்பு இருக்கிறது. அதை அப்போது செலவு செய்யுங்கள். முதலிலேயே ஓரத்துக்குப் போய்விட்டவரிடம் செலவழிக்க ஒன்றும் இருக்காது, மண்தான். ரோட்டு நடுவில் போகச் சொல்கிறான் என்று யாரும் திரிக்க வேண்டாம். இடது சக்கரத் தடம் நடு ரோடு ஆகாது. பின்னால் நாலு வண்டி சேர்ந்துவிட்டால், அகலமான இடம் பார்த்து இண்டிகேட்டர் போட்டு நீங்களாகவே வழிவிடுவது மரியாதை, நல்லதும்கூட.

கையிருப்பை எப்போது செலவழிப்பது என்று தெரிய வேண்டுமானால் இரண்டு கண்ணாடியும் வேண்டும். அழகுக்காகக் கழற்றி வைத்திருந்தால் இன்றே மாட்டுங்கள். உங்கள் தோள், கண்ணாடியின் உள்விளிம்பில் கொஞ்சம் தெரிந்தால் போதும், மீதி முழுக்க ரோடு தெரிய வேண்டும். ஏழெட்டு விநாடிக்கு ஒருமுறை ஒரு பார்வை. பெரும்பாலும் குவிகண்ணாடிதான் இருக்கும், அதில் தெரிகிற பஸ் நிஜத்தில் இன்னும் கிட்டே இருக்கிறது. ஏர் ஹாரன் கேட்டபின் திரும்பிப் பார்ப்பதில் பயனில்லை. தலை திரும்பினால் கையும் கூடவே திரும்பும்.

இனி எதிரே ஏறி வருகிற பஸ். இதற்குத்தான் கணக்கு ரொம்ப முக்கியம். 50-இல் போகிற லாரியை 70-இல் வருகிற பஸ் முந்துகிறது என்று வையுங்கள். வித்தியாசம் மணிக்கு 20 கிலோமீட்டர்தான், விநாடிக்கு ஐந்தரை மீட்டர். பஸ் நீளம், லாரி நீளம், முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்துச் சுமார் 42 மீட்டர். முந்தி முடிக்க ஏழரை விநாடி. அதற்குள் பஸ் 146 மீட்டர் வந்துவிடும். 50-இல் போகும் நீங்கள் 104 மீட்டர் அதை நோக்கிப் போயிருப்பீர்கள். ஆக 250 மீட்டர் தேவை. பஸ் மூக்கை வெளியே நீட்டும்போது உங்களுக்கும் அதற்கும் நடுவே 200 மீட்டர்தான் இருக்கிறது என்றால் அது முடிக்காது. டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முடிக்காது.

பஸ்ஸின் வேகத்தை நீங்கள் மாற்ற முடியாது, லாரிக்காரரும் பெரும்பாலும் குறைத்துத் தரமாட்டார். மாற்ற முடிந்தது உங்கள் வேகம் மட்டும்தான். நீங்கள் 30-க்கு இறங்கினால் அந்த ஏழரை விநாடியில் 62 மீட்டர்தான் போவீர்கள். தேவைப்படும் தூரம் 208 ஆகிவிடும். கிட்டத்தட்ட நாற்பது மீட்டர், மூன்று பஸ் நீளத்துக்கு மேல், உங்கள் பிரேக் கொடுத்தது. அதனால் மூக்கு தெரிந்ததுமே ஆக்சிலரேட்டரை மூடிவிட்டு பிரேக்கை மெல்லப் பிடிக்க ஆரம்பியுங்கள். ஹாரன் அடிப்பது, லைட் அடிப்பது எல்லாம் அதற்குப் பிறகு. நம் ஊரில் எதிரே வருகிறவர் லைட் அடித்தால் "நான் வர்றேன், நீ ஒதுங்கு" என்று அர்த்தம். "நீ வா" என்று எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். நீங்கள் பதிலுக்கு அடித்தாலும் அவர் நின்றுவிடப் போவதில்லை. "நான் ஏன் குறைக்கணும், என் பக்கம்தானே?" என்று கேட்டால் உங்கள் பக்கம்தான், சந்தேகமில்லை.

குறைத்தும் போதவில்லை என்றால்தான் மண். இறங்கும்போது விழுகிறவர்களைவிட திரும்ப ஏறும்போது விழுகிறவர்கள்தான் கதையே முடிந்து போகிறவர்கள். ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டு, தார் விளிம்பு மண்ணைவிட அரை சாண் உயரத்தில் நிற்கும். ஸ்கூட்டரின் பத்து, பன்னிரண்டு அங்குலச் சக்கரத்துக்கு அது ஒரு படி. பிரேக் பிடிப்பதைத் தாரின் மேல் இருக்கும்போதே முடித்து 30-க்குக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். விளிம்போடு ஒட்டி ஓட்டிக்கொண்டே நழுவக் கூடாது, டயர் பக்கவாட்டில் உரசி வழுக்கும். கொஞ்சம் குறுக்காக, தெளிவாக இறங்குங்கள். இறங்கியபின் ஹேண்டில்பாரை நேராக வைத்து, ஆக்சிலரேட்டர் இல்லாமல் வண்டியைத் தானாக ஓடிக் குறைய விடுங்கள்.

பைக் ஓட்டுகிறவர்கள் "மண்ணில் பின் பிரேக் மட்டும் பிடி" என்று சொல்வார்கள். 2019-இலிருந்து வரும் சிறிய ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் கூட்டு பிரேக்தான். இடது லீவரைப் பிடித்தால் முன் சக்கரமும் கொஞ்சம் பிடிக்கும். சரளையில் அழுத்திப் பிடித்தால் முன்சக்கரம் மடங்கிவிடும். அதனால் விரல் நுனியால் பிடித்துப் பிடித்து விடுங்கள்.

அப்புறம் நின்றுவிடுங்கள். உண்மையாகவே நின்றுவிடுங்கள். ஓடுகிற வேகத்திலேயே சாய்வாக ஏற்றப் பார்த்தால் சக்கரம் விளிம்பில் உரசிக்கொண்டே வரும், ஏறாது. நீங்கள் இன்னும் கொஞ்சம் வலது பக்கம் ஒடிப்பீர்கள். சட்டென்று ஏறும்போது ஹேண்டில்பார் ஒடித்தபடியே இருக்கும், வண்டி எதிர்ப்பக்க லேனில் போய் விழும். மண்ணும் தாரும் சமமாக இருக்கும் இடத்துக்கு மெதுவாக உருட்டிப் போய், சந்திலிருந்து மெயின் ரோட்டில் ஏறுவது போல நன்றாகக் குறுக்காக ஏறுங்கள். ஏறும் முன் இரண்டு பக்கமும் பாருங்கள். ஏறி வந்த பஸ்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு கார் வரும். அவருக்கு முன்னால் பஸ்ஸின் பின்புறம் மட்டும்தான் தெரியும், நீங்கள் தெரியமாட்டீர்கள். முதல் வண்டிக்குத் தப்பி இரண்டாவதில் மாட்டுவது இப்படித்தான்.

பெரிய வண்டி வேகமாகக் கடக்கும்போது முதலில் காற்று உங்களை வெளியே தள்ளும், வண்டியின் உடம்பு கடந்து போகும்போது உள்ளே இழுக்கும். பயந்து கையை விறைப்பாக்கினால் அந்த ஆட்டம் அப்படியே ஹேண்டில்பாருக்குப் போகும். முழங்கையைத் தளர்த்துங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள். டயரில் காற்று குறைவாக இருந்தால் ஆட்டம் இன்னும் கூடும். நிறைய 110 சிசி ஸ்கூட்டர்களுக்கு முன்னால் 22, பின்னால் தனியாள் என்றால் 29, இருவர் என்றால் 36 பிஎஸ்ஐ. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பங்க்கில் பையன் "முப்பது முப்பது போடவா?" என்று கேட்பான், தலையாட்டாதீர்கள்.

உங்களை முந்தின பஸ் நூறு மீட்டரில் ஸ்டாப்புக்காக இடது பக்கம் வெட்டுவது இன்னொரு ரகம். இதற்கு முன்னறிவிப்பு எப்போதும் உண்டு. முன்னால் நிழற்குடை, கை நீட்டி நிற்கும் ஆட்கள், படியில் இறங்கத் தயாராக நிற்பவர், கண்டக்டர் விசில். இதில் ஒன்று தெரிந்தாலே, பஸ் உங்கள் தோளுக்கு நேரே வரும்போது வேகத்தை விட்டுவிடுங்கள். நின்ற பஸ்ஸின் இடப்பக்கம் புகுந்து போகவே கூடாது, இறங்குகிறவர் உங்கள் மேல்தான் குதிப்பார். பஸ் இடது பக்கம் திரும்பினால் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். பெரிய வண்டியின் சைடு கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை.

பஸ் டிரைவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நிமிடக் கணக்கில் டைம் கொடுத்து, ஒரு நிமிடம் பிந்தினால் பின்னால் வருகிற பஸ்ஸோடு ஸ்டாண்டில் தகராறு என்கிற நிலையில் ஓட்டுகிறவர்கள் அவர்கள். புரிகிறது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தை ஸ்கூட்டர்காரரிடமிருந்து எடுக்கக் கூடாது.

இரவில் ஒரே ஒரு விஷயம். டிம் லைட்டில் ஸ்கூட்டருக்கு 30, 40 மீட்டர்தான் சரியாகத் தெரியும். 50-இல் போனால் பார்த்து, சுதாரித்து, நிற்க 37 மீட்டர் ஆகும். ஆக 50 தான் உச்சம், மழையில் அதுவும் கிடையாது. எதிரே ஹைபீம் போட்டு வந்தால் இடது வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த வேகத்தடைகள். விதிப்படி 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரம், அதாவது ஏறி இறங்குகிற மேடு. நம் ஊர்களில் ஒரு விபத்து நடந்ததும் மறுநாளே ஒரு லோடு ஜல்லியும் தாரும் கொட்டி முழங்கால் உயரத்துக்குச் சுவர் கட்டிவிடுகிறார்கள். பெயின்ட் இல்லை, போர்டு இல்லை. பஸ்ஸை மறிக்கக் கட்டினது, ராத்திரியில் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வருகிற அம்மாக்களைத்தான் தூக்கிப் போடுகிறது. கேட்டால் ஊர் நன்மைக்காம்.

புகார் கொடுப்பது பற்றி. துரத்திப் போய் சண்டை போடாதீர்கள், அடுத்த விபத்து அங்கே காத்திருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, விதிக்கு மாறாக முந்துவதையும் ஆபத்தான ஓட்டுதல் என்றே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. முதல் முறைக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "ஒரு பஸ் வேகமாக வந்தது" என்று எழுதினால் அந்தக் காகிதம் எங்கும் போகாது. வண்டி எண் முழுசாக ஞாபகம் இல்லாவிட்டாலும் கடைசி நாலு இலக்கம், எந்த ஊரிலிருந்து எந்த ஊர் என்று போர்டில் இருந்தது, மணி-நிமிடம், பக்கத்தில் இருந்த கிலோமீட்டர் கல்லின் எண், இவ்வளவும் எழுதுங்கள். கல்லின் தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ரூட்டும் நேரமும் இருந்தால் அன்று எந்த டிரைவர் டூட்டி என்று பஸ் நிர்வாகமே கண்டுபிடித்துவிடலாம். நிஜமாகவே அடிபட்டால் 108. தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நஷ்டஈட்டு மனுவுக்கு ஆறு மாதம்தான் கெடு, "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவு கணக்கும் போடப் பொறுமை இல்லை என்றால் இதையாவது செய்யுங்கள். பஸ்கள் டைமுக்கு ஓடுகிறவை. உங்களை மண்ணில் இறக்குகிற பஸ் அநேகமாக தினமும் அதே நிமிடத்தில், அதே இடத்தில்தான் வருகிறது. ஒரு வாரம் குறித்து வையுங்கள். பிறகு வீட்டிலிருந்து ஏழெட்டு நிமிடம் முன்னதாகக் கிளம்பிப் பாருங்கள். அந்த பஸ் வரும்போது அந்தக் குறுகலான இடத்தை நீங்கள் தாண்டியிருப்பீர்கள்.